குரோம்புக்கில் மென்பொருள் உருவாக்கம்: ஆரணி நெசவு ஊரை முன்வைத்து

குரோம்புக் என்பது கூகுள் நிறுவனத்தின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் இயங்கும் எடை குறைந்த மடிக்கணினி ஆகும். கோப்புகளைச் சேமிப்பதும் பெரிய கணக்குகளைச் செய்வதும் இணையத்தின் மறுமுனையில் உள்ள வழங்கிகளில் நடக்கும் என்ற எண்ணத்தில் இது வடிவமைக்கப்பட்டது. இம்முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். ஆகவே இதன் உள்ளே சிறிய சேமிப்பகமும் எளிய செயலியும் குறைந்த நினைவகமும் இருந்தால் போதும் எனக் கருதப்பட்டது. கடிதம் எழுதவும் பாடம் பார்க்கவும் மட்டுமே ஏற்றது என்று பலர் எண்ணும் இக்கருவியில் மென்பொருள் எழுதவும் முடியும். எந்த வேலை கருவிக்குள் நடக்கிறது, எது வெளியே நடக்கிறது என்பதை அறிந்து பயன்படுத்தினால்தான் அது பயன் தரும். குறைந்த வருவாய் உள்ள குடும்பம் ஒன்று பிள்ளையின் கணினிப் படிப்புக்காக ஒரே ஒரு முறைதான் பணம் செலவிட முடியும் என்ற நிலையில், இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கிவிட்டால் படிப்பே தடைப்படும்.

இக்கட்டுரை திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது. பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர் ஆரணி. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி உள்ளது. தறி உள்ள வீடும் நிரல் எழுதக் கற்கும் மாணவரும் ஒரே தெருவில் இருக்கும் ஊர் இது.

தறியும் நிரலும்

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் கொடியும் மயிலும் தோன்றச் செய்வது தறியின் மேல் பொருத்தப்பட்டுள்ள ஜக்கார்டு பெட்டி. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு இதில் சுழலும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனுடன் இணைந்த கொக்கி மேலே எழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும். இழை கீழேயே இருக்கும். ஒரு முறை ஊடை ஓட ஓர் அட்டை வேண்டும்.

துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகளில் ஒரு பூவை எழுதிவிடலாம் என்பதே இதன் சிறப்பு. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு இந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹொலரித் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளை அட்டைகளைக் கொண்டு கணக்கிட்டார். நிரலாக்கத்தை முற்றிலும் அயலான படிப்பாக ஆரணிப் பிள்ளைகள் கருத வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு நிரலை மனத்தில் கொள்வோம். 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டு பெட்டிக்கு ஒரு பூ வரையப்பட்டுள்ளது. கட்டம் போட்ட தாளில் அகலம் 240 கட்டம், உயரம் 360 கட்டம். அப்படியானால் 360 அட்டைகள், மொத்தம் 86,400 கட்டங்கள். இப்படத்தைப் படித்து, ஒவ்வொரு வரிசையிலும் எங்கெங்கே துளை வரும் என்று பட்டியலிட வேண்டும். இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஓர் இழை பின்னப்படாமல் அதிக தூரம் நீண்டு கிடந்தால் துணியில் நூல் தொங்கும்; வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுக்கும். எனவே குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொடர்ந்து ஒரே நிறமாக வரும் கட்டங்களை நிரல் சுட்டிக்காட்ட வேண்டும். பைத்தான் மொழியில் சில பத்து வரிகளில் இதனை எழுதிவிடலாம். கல்லூரி மாணவர் ஒருவரின் செயல்திட்டத்துக்குப் பொருத்தமான அளவு. இந்த ஒரே நிரலைக் குரோம்புக்கில் எங்கெங்கே இயக்கலாம் என்று பார்ப்பதே முழு விளக்கத்துக்கும் வழிகாட்டும்.

கருவியின் வரலாறு சுருக்கமாக

குரோம் ஓஎஸ் பற்றிய அறிவிப்பைக் கூகுள் 2009ஆம் ஆண்டு சூலையில் வெளியிட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அந்த அறிவிப்பை எழுதிய இருவருள் ஒருவர். அப்போது அவர் அத்திட்டத்தின் பொறுப்பில் இருந்தார். முதல் குரோம்புக்குகளை ஏசர், சாம்சங் நிறுவனங்கள் 2011 சூனில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் 2013இல் அறிமுகமாயின. 2015இல் 12,999 ரூபாய்க்கும் கிடைத்தன. 2023 அக்டோபர் 2 முதல் எச்பி நிறுவனம் சென்னைக்கு அருகில் உள்ள பிளெக்ஸ் தொழிற்சாலையில் குரோம்புக்குகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆரணியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள இடத்தில் செய்யப்படும் கருவி இது என்பது பலருக்குத் தெரியாது.

மென்பொருள் எழுதுவோருக்கு முக்கியமான ஆண்டு 2018. அதுவரை குரோம்புக்கில் உலாவியும், பின்னர் வந்த ஆண்ட்ராய்டு செயலிகளும்தான் இருந்தன. நிரலாளர்கள் பாதுகாப்பு அமைப்புகளை நீக்கி, உள்ளே வேறு இயங்குதளத்தைத் திணித்துப் பயன்படுத்தினர். ஒரு தவறான விசையை அழுத்தினால் அத்தனையும் அழிந்துவிடும். 2018இல் லினக்ஸ் சூழல் அதிகாரப்பூர்வமாகச் சேர்க்கப்பட்டது. 2021இல் சோதனை நிலையைக் கடந்தது.

முதல் இடம்: உலாவி

எளிய வழி உலாவியிலேயே எழுதுவது. கூகுள் கோலாப் என்ற சேவையில் பைத்தான் வரிகளைத் தட்டச்சு செய்து, பூவின் படத்தை ஏற்றினால், கூகுளின் வழங்கி கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும். எதையும் நிறுவ வேண்டாம். கற்கும் நிலையில் உள்ளவருக்கு இதுவே போதும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியும் 2021 முதல் உலாவியில் கிடைக்கிறது. ஆனால் அதன் உலாவி வடிவம் நிரலைத் திருத்த உதவுமே தவிர, இயக்குவதற்கான முனையம் அதில் இல்லை. இது தெரியாமல் குழம்புவோர் பலர்.

இரண்டாம் இடம்: கருவிக்குள் உள்ள லினக்ஸ்

அமைப்புகள் பக்கத்தில் லினக்ஸ் மேம்பாட்டுச் சூழலை இயக்கினால், குரோம்புக்குக்குள் ஒரு மெய்நிகர் கணினி உருவாகும். அதற்குள் ஒரு கொள்கலனில் டெபியன் லினக்ஸ் நிறுவப்படும். வீட்டுக்குள் தனிப் பூட்டு உள்ள ஓர் அறை கட்டியதைப் போன்ற அமைப்பு இது. அறைக்குள் எதை உடைத்தாலும் வீட்டுக்குச் சேதமில்லை. பைத்தான், ஜாவா, சி, நோட் முதலியவற்றையும், முழுமையான விஷுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியையும் இங்கே நிறுவலாம். நிறுவியபின் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மேகக் கணிமைக்கான கருவி என்று பெயர் பெற்ற குரோம்புக்கில், நிரலாளருக்கு மிகவும் பயன்படுவது மேகமே தேவைப்படாத இந்த அறைதான் என்பது ஒரு வேடிக்கை.

நமது பூ நிரலுக்கு 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள குரோம்புக் தாராளமாகப் போதும். 86,400 கட்டங்கள் என்பது இன்றைய எந்தச் செயலிக்கும் கண்ணிமைக்கும் நேர வேலை. இணையப் பக்கம் உருவாக்கினாலும், சிறிய தரவுத்தளம் வைத்தாலும் சமாளிக்கும். எனினும் லினக்ஸ் அறையும் உலாவியும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு நிரல் மெதுவாக ஓடுகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

சேமிப்பகமும் அப்படியே. பல மலிவான குரோம்புக்குகளில் 32 அல்லது 64 ஜிகாபைட்தான் உண்டு. இயங்குதளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அறைக்கு 10 ஜிகாபைட்டாவது ஒதுக்க வேண்டும். 64 வாங்குவதே நல்லது.

ஆண்ட்ராய்டு செயலி எழுத விரும்புவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிகாபைட் நினைவகமேனும் வேண்டும். அதோடு, ஆர்ம் வகைச் செயலி உள்ள குரோம்புக்கில் அதன் லினக்ஸ் வடிவம் இயங்காது. இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி தேவை. குறைந்த விலைக் குரோம்புக்குகளில் கணிசமானவை ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மின்கலம் நெடுநேரம் நிற்கும், விசிறி ஓசை இராது, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. கடையில் நிறத்தையும் திரை அளவையும் கேட்பவர்கள் செயலியின் வகையைக் கேட்பதில்லை.

நெசவு வடிவமைப்புக்கென விற்கப்படும் வணிக மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. அவற்றைக் குரோம்புக்கில் நிறுவ முடியாது. பிள்ளை நிரலும் எழுதட்டும், அப்பா டிசைனும் போடட்டும் என்று ஒரே கருவி வாங்க நினைக்கும் வீட்டுக்கு விண்டோஸ் மடிக்கணினியே பொருந்தும்.

மூன்றாம் இடம்: தொலைவில் உள்ள கணினி

கருவியால் தாங்க முடியாத வேலைகளை வேறிடத்தில் உள்ள கணினியில் செய்யலாம். கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலாவியில் தொகுப்பி தெரியும். நிரல் ஓடுவது தொலைவில் உள்ள லினக்ஸ் கணினியில். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கருநேரம் இலவசம். இரண்டு கருக்கள் கொண்ட கணினியைத் தேர்ந்தால் இது 60 மணி நேரமாகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கு வருகிறது. கூகுள் கிளவுட் ஷெல் சேவையில் வாரம் 50 மணி நேரமும் 5 ஜிகாபைட் இடமும் கிடைக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உள்ளது. தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்தே மடிக்கணினியைப் பயன்படுத்துகின்றனர். நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிகாபைட் என்பதே வழக்கமான திட்டம். லினக்ஸ் அறையில் ஒரு பெரிய நிரல்தொகுப்பை நிறுவினால் அந்தத் தரவு மாணவரின் கணக்கில் கழியும். ஒரே நிறுவலில் அன்றைய பங்கு தீர்ந்துபோகவும் கூடும். தொலைக் கணினியில் நிறுவினால் பதிவிறக்கம் அங்கேயே நடக்கிறது. மாணவரின் கைப்பேசி வழியாக வருவது திரையில் தெரியும் எழுத்துகள் மட்டுமே. எழுத்து முனையம் வழியாக வேலை செய்தால் செலவாகும் தரவு மிகக் குறைவு. மேகக் கணிமைக்கு அதிக இணையம் தேவை என்ற பொதுக் கருத்து, மென்பொருள் உருவாக்கத்தில் பாதிதான் உண்மை. தேவைப்படுவது நிறைய தரவு அன்று, அறுபடாத இணைப்பு.

அந்த இணைப்புதான் சிறிய ஊர்களில் சிக்கல். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள் எல்லா ஊர்களிலும் உண்டு. குரோம்புக்கின் மின்கலம் எட்டு மணி நேரம் வரை தாங்கும். வீட்டில் உள்ள இணையப் பெட்டி மின்சாரம் போன நொடியிலேயே அணைந்துவிடும். கைத்தறி மின்தடையில் ஓடும், தொலைக் கணினியில் வைத்த நிரல் கைக்கு எட்டாது. எனவே வேலையை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், கிட் என்னும் பதிப்பு மேலாண்மை முறையில் ஒரு படியைக் கிட்ஹப்பிலும் ஒரு படியை லினக்ஸ் அறையிலும் வைத்திருப்பது வழக்கமாக வேண்டும். இணையம் உள்ளபோது இரண்டையும் ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கோட்ஸ்பேசஸ் அமைப்பில் கணினி இருக்கும் வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; தென்கிழக்கு ஆசியாவைத் தேர்ந்தால் அமெரிக்காவை விடத் தாமதம் குறையும். தொகுப்பியில் தட்டச்சு செய்வது உலாவிக்குள்ளேயே நடப்பதால் எழுத்துகள் உடனே தோன்றும்; முனையத்தில்தான் சற்றுத் தயக்கம் தெரியும்.

இலவசத்தின் எல்லை

இலவசச் சேவைகள் வாக்குறுதி அல்ல. கோட்ஸ்பேசஸில் 30 நிமிடம் எதுவும் செய்யாவிட்டால் கணினி நின்றுவிடும். 30 நாள் தொடாமல் இருந்தால் இயல்பான அமைப்பின்படி அது நீக்கப்படும். கிட்ஹப்பில் சேர்க்காமல் விட்ட மாற்றங்கள் அத்துடன் போய்விடும். கிளவுட் ஷெல்லில் 120 நாள் நுழையாமல் இருந்தால் கோப்புறை அழியும். பருவத்தேர்வு, விடுமுறை என்று இரண்டு மாதம் கருவியைத் தொடாத மாணவர் திரும்பி வந்து பார்க்கும்போது கோட்ஸ்பேசஸில் ஒன்றும் இராது. சேவையே மூடப்படுவதும் உண்டு: அமேசானின் கிளவுட் 9 தொகுப்பி 2024 சூலை முதல் புதிய வாடிக்கையாளர்களை ஏற்பதில்லை.

கடன் அட்டையோ வங்கி அட்டையோ கேட்கும் மேகக் கணினிகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். முதல் சில மாதம் இலவசம் என்று தொடங்கி, இயங்கும் கணினியை நிறுத்த மறந்துவிட்டால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். கற்கும் நிலையில் அட்டை கேட்காத சேவையே போதுமானது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பூ வடிவம் என்பது அந்தக் குடும்பத்தின் அல்லது முதலாளியின் சொத்து. சேலை கடைக்கு வருமுன் வடிவம் வெளியே போனால் இழப்பு உண்மையானது. கிட்ஹப்பில் களஞ்சியம் உருவாக்கும்போது பொதுவானது என்பதைத் தேர்ந்தால் உலகில் யாரும் அதனைப் பார்க்கலாம். தனிப்பட்ட களஞ்சியங்களும் 2019 முதல் இலவசக் கணக்கில் வரம்பின்றிக் கிடைக்கின்றன. நிரல் பொதுவில் இருக்கலாம். படங்களைத் தனியே வைப்பதே முறை.

வாங்கும் முன்

புதிதாக வாங்குமுன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிகாபைட் நினைவகமும், விண்டோஸ் 7 உடன் பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்று முடிந்தது. அண்ணனோ அக்காவோ பள்ளியில் பெற்ற கருவி பெட்டிக்குள் உறங்கும் வீடுகள் ஏராளம். குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் என்ற இலவச இயங்குதளம் 2022இல் வெளிவந்தது. பழைய மடிக்கணினியைக் குரோம்புக் போல மாற்றுவது இதன் நோக்கம். இதற்கு 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்பதால் முதல் ஆண்டுகளின் கருவிகள் தகுதி பெறுவதில்லை. அவற்றில் எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுவதே ஏற்றது. 4 ஜிகாபைட் உள்ள கருவியிலும், பிளெக்ஸில் லினக்ஸ் சூழல் கிடைப்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பென்டிரைவிலிருந்து இயக்கிச் சோதித்த பிறகே நிறுவ வேண்டும்.

2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. அத்திட்டத்தில் முழு மடிக்கணினி பெற்றவர் குரோம்புக்குக்குத் தனியாகப் பணம் செலவிடத் தேவையில்லை.

வாங்குவதே முடிவானால், தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் நாளை முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இந்த நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. 2021 முதல் வந்த குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டுப் புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் 2023இல் அறிவித்தது. ஆனால் இந்தப் பத்து ஆண்டு அந்த மாதிரியின் வன்பொருள் தளம் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. வாங்கிய நாளிலிருந்து அன்று. கடையில் நான்கு ஆண்டு தூங்கிய கருவிக்கு ஆறு ஆண்டுதான் மீதி.

இரண்டாம் கை குரோம்புக்குகளில் வேறோர் ஆபத்து உள்ளது. பள்ளிகளும் நிறுவனங்களும் தம் கருவிகளைத் தம் நிருவாகக் கணக்கில் பதிந்து வைத்திருக்கும். அப்பதிவை நீக்காமல் விற்றுவிட்டால், கருவியை முழுதாக அழித்துத் தொடங்கினாலும் பழைய நிறுவனத்தின் கணக்கையே அது கேட்கும். லினக்ஸ் சூழலையும் நிருவாகி தடுத்திருக்கலாம். விற்பவர் முன்னிலையிலேயே கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, சொந்தக் கணக்கில் நுழைந்து, லினக்ஸ் சூழலை இயக்கிப் பார்த்தபின் பணம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் ஆகும். பொறுக்காத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

தமிழில் எழுதுதல்

குரோம் ஓஎஸ் அமைப்புகளில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு உள்ளிட்ட தமிழ் விசைப்பலகைகள் உள்ளன. உலாவியில் அவை சிக்கலின்றி வேலை செய்யும். லினக்ஸ் அறைக்குள் நிறுவிய மென்பொருள்களில் அவை சில நேரம் இயங்குவதில்லை; தமிழ் எழுத்துருவையும் அந்த அறைக்குள் தனியாக நிறுவ வேண்டியிருக்கும், இல்லையேல் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தோன்றும். பைத்தான் 3 மொழி ஒருங்குறியை ஏற்பதால் கரை, முந்தானை, உடல் என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். உலாவித் தொகுப்பியில் தமிழ் வரிகளை எழுதிக் கிட்ஹப் வழியாக லினக்ஸ் அறைக்குக் கொண்டுவந்து இயக்குவது இப்போதைக்கு எளிய வழி.